பன்றிப் பண்ணைக் கழிவு: எல்லைச் சாவடியில் மட்டும் தேடினால் போதுமா?

பாலக்காடு: கேரளக் கழிவு ஏற்றி வந்த லாரி தமிழக எல்லையில் பிடிபட்டது என்ற செய்தி, நாளேடு படிப்போருக்குப் பழகிப் போன ஒன்றாகி விட்டது. பாலக்காட்டுப் பக்கம் வாளையார், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். இடுக்கிப் பக்கம் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. பெயர் மாறுமே தவிர செய்தி மாறுவதில்லை. மூட்டையைப் பிரித்தால் கோழிச் சிறகும் குடலும், ஓட்டல் எச்சிலும், பிளாஸ்டிக் குப்பையும். 2024 டிசம்பரில் திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்ட கேரள மருத்துவக் கழிவை, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு கேரளமே லாரிகள் அனுப்பித் திரும்ப அள்ளிச் செல்ல நேர்ந்தது. அதிலிருந்து எல்லைச் சோதனை குறித்த பேச்சு இரு மாநிலங்களிலும் சூடு பிடித்திருக்கிறது.

ஆனால் லாரி ஏறாமலே எல்லை கடக்கும் கழிவு ஒன்று உண்டு. அதற்குப் பர்மிட் வேண்டாம். செக்போஸ்ட் கம்பம் அதைத் தடுக்காது. பன்றிப் பண்ணைகளிலிருந்து வழியும் சாணமும் மூத்திரமும் கழுவு தண்ணீரும் கலந்த குழம்பே அது. பண்ணைக்காரர்களும் அதிகாரிகளும் இதனை ‘ஸ்லரி’ என்கிறார்கள். லாரியில் பிடிபடும் எச்சிலுக்கும் இந்தக் குழம்புக்கும் நெருங்கிய உறவு இருப்பதை இரு மாநில அதிகாரிகளும் சேர்த்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

எச்சிலைத் தின்னும் தொழில்

2019இல் எடுக்கப்பட்ட கால்நடைக் கணக்கின்படி இந்தியாவில் சுமார் 90 லட்சம் பன்றிகள் இருந்தன. 2012 கணக்கை விட இது 12 சதவீதம் குறைவு. நாடு முழுவதும் குறைந்த அதே காலத்தில் கேரளத்தில் பன்றி எண்ணிக்கை கூடியது. இறைச்சிக்கு அங்கு நல்ல விலை உண்டு என்பது ஒரு காரணம். தீனிச் செலவு குறைவு என்பது அதைவிடப் பெரிய காரணம். மக்காச்சோளமும் புண்ணாக்கும் வாங்கிப் போட்டு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சிறு, நடுத்தரப் பண்ணைகள் பலவற்றின் அடுப்பு எரிவது ஓட்டல், கல்யாண மண்டபம், விடுதி, கோழிக் கடை ஆகியவற்றின் மிச்சத்தால்தான். மிச்சத்தை அகற்றக் கடைக்காரர் கூலி தருவதும் உண்டு. அப்போது தீனியும் வருமானம், பன்றியும் வருமானம்.

இதில் தமிழகத்தின் பங்கும் சிறிதல்ல. பல்லடம், நாமக்கல் வட்டாரங்களிலிருந்து கோழியும் முட்டையும் வாளையார் வழியே மேற்கே போகின்றன. கறி அங்கே தங்கி விடுகிறது. குடலும் சிறகும் போக இடம் தேடுகின்றன. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு பல நாள் புகைந்தபோது, கேரள நகரங்களுக்குக் குப்பை போட இடமில்லை என்ற உண்மை ஊரறிந்தது. அந்த இடமின்மையைச் சத்தமில்லாமல் தாங்கி வந்தவை பன்றிப் பண்ணைகளே. நாற்றம் என்று புகார் வந்து ஒரு பண்ணை மூடப்பட்டால், அது தின்று வந்த எச்சில் மறுநாள் முதல் வேறு வழி தேடும். அந்த வழிகளில் ஒன்று கிழக்கே வாளையார். ஆகவே ‘எல்லாப் பண்ணையையும் இழுத்து மூடு’ என்று எல்லையோரத் தமிழர்கள் கோரினால், அது தங்கள் வாசலுக்கே லாரியை அழைப்பதாகவும் முடியலாம்.

குழம்பில் என்ன இருக்கிறது?

வளர்ந்த பன்றி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் சாணமும் மூத்திரமும் இடும். நீராகத் தீனி தின்னும் பன்றிக்கு இது இரு மடங்கு வரை போகும். எச்சில் தீனி என்பது பெரும்பாலும் நீர்த்தீனிதான். இதன் மேல் தொழுவம் கழுவும் தண்ணீர் வேறு.

இங்கிலாந்தில் விவசாயிகளுக்கு வெளியிடும் உர வழிகாட்டியில் பன்றிக் குழம்புக்குக் கணக்கு இருக்கிறது. நூற்றுக்கு நான்கு பங்கு திடப்பொருள் கொண்ட குழம்பில், ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 3.6 கிலோ தழைச்சத்து உண்டு. மணிச்சத்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவும், சாம்பல் சத்து இரண்டு கிலோவுக்குச் சற்று மேலும் இருக்கும். தழைச்சத்தில் பாதிக்கு மேல் அம்மோனியா வடிவில் இருப்பதால் பயிர் உடனே எடுத்துக் கொள்ளும். எடுக்கப் பயிர் இல்லையென்றால் காற்றில் ஏறும் அல்லது கிணற்றில் இறங்கும்.

நீரைக் கெடுக்கும் வேகத்தைப் பார்த்தால் நிலைமை இன்னும் விளங்கும். ஒரு கழிவு, தண்ணீரில் உள்ள பிராணவாயுவை எவ்வளவு உறிஞ்சும் என்பதை பி.ஓ.டி. என்ற அளவால் சொல்கிறார்கள். வீட்டுச் சாக்கடைக்கு இது லிட்டருக்கு 300 முதல் 400 மில்லிகிராம். பன்றிக் குழம்புக்கு 20,000 முதல் 30,000. (இவ்விஷயத்தில் பால் இன்னும் பொல்லாதது, ஆற்றில் கொட்டிய பாலுக்கு 1,40,000! ஆனால் பாலை யாரும் ஓடையில் விடுவதில்லை.) இந்தியச் சட்டப்படி ஆறு, ஓடைகளில் விடும் கழிவு நீருக்கு உச்ச வரம்பு 30 மில்லிகிராம். ஒரு லிட்டர் குழம்பை அந்த வரம்புக்குக் கொண்டுவர 700 முதல் 1,000 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். நூறு பன்றிப் பண்ணைக்கு அது நாளுக்கு மூன்றரை லட்சம் லிட்டர் முதல் ஐந்து லட்சம் லிட்டர் வரை ஆகும். கோடையில் குடத்தோடு குழாயடியில் நிற்கும் சித்தூர்த் தாலுக்காவில் இந்தத் தண்ணீருக்கு எங்கே போவது?

எச்சில் தின்னும் பன்றியின் குழம்பில் வேறு சில சரக்கும் சேரும். ஓட்டல் சாம்பாரின் உப்பு நிலத்தில் சேர்ந்தால் மண் இறுகும். எண்ணெய், எரிவாயுக் கலத்தில் ஆடை போல் படிந்து வாயைக் கட்டும். எலும்பும் பிளாஸ்டிக் துண்டும் குழாயை அடைக்கும். மறுபுறம், தாது உப்புக் கலவைத் தீனி போடும் பெரிய பண்ணைகளில் தாமிரமும் துத்தநாகமும் சாணத்தோடு வெளியேறி மண்ணில் தங்கும். இரண்டும் ‘பன்றிச் சாணம்’தான், ஆனால் ஒரே சரக்கல்ல.

பத்து ஏக்கர் கணக்கு

நூறு பன்றி, பன்றிக்கு 5 லிட்டர் என்று குறைவாகவே வைத்துக் கொண்டாலும், ஆண்டில் 1,82,500 லிட்டர் குழம்பு. அதில் தழைச்சத்து ஏறக்குறைய 657 கிலோ. இது 45 கிலோ யூரியா மூட்டை ஏறக்குறைய முப்பத்திரண்டுக்குச் சமம். ஐரோப்பிய நாடுகள் 1991இல் செய்து கொண்ட நைட்ரேட் விதியின்படி, நீர்நிலை கெடும் பகுதிகளில் ஓர் எக்டேருக்கு ஆண்டில் 170 கிலோ தழைச்சத்துக்கு மேல் கால்நடைக் கழிவாக இடக்கூடாது. அந்தக் கணக்கை இங்கே வைத்தால் நூறு பன்றிக்கு ஏறத்தாழ பத்து ஏக்கர் நிலம் வேண்டும்.

கேரளத்தில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 2015-16 வேளாண் கணக்கின்படி 0.18 எக்டேர்; அதாவது அரை ஏக்கருக்கும் குறைவு. நாட்டிலேயே மிகக் குறைந்த அளவு இதுதான். பண்ணையைச் சுற்றியுள்ள இருபது வீட்டாரின் நிலத்தையும் சேர்த்தால்தான் ஒரு பண்ணையின் கழிவுக்கு இடம் கிடைக்கும். அந்த இருபது வீட்டாரும்தான் நாற்றத்துக்கு எதிராக மனு எழுதுகிறவர்கள் என்பது வேறு விஷயம்.

கேரளத்தின் 2012ஆம் ஆண்டு கால்நடைப் பண்ணை லைசென்ஸ் விதிகள், ஐந்துக்கு மேல் பன்றி வளர்த்தால் பஞ்சாயத்து லைசென்ஸ் கேட்கின்றன. எண்ணிக்கைக்கேற்ப எருக்குழி, எரிவாயுக் கலம் முதலியனவும் வேண்டும். கலம் இருந்தால் கழிவு தீர்ந்தது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது தவறு. எரிவாயுக் கலத்தில் நாற்றம் குறையும், பி.ஓ.டி. இறங்கும், அடுப்பு எரியும். ஆனால் தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ளே போன அளவே வெளியே வரும். கலத்தின் பின்வாயிலிருந்து வரும் குழம்பு எங்கே போகிறது என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி. முதலமடை மாம்பழம் ஒரு கூடை ரயிலில் பார்சல் போட்டாலும் எடை பார்த்து, சேருமிடம் எழுதி, ரசீது கிழிக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு லட்சம் லிட்டர் அனுப்பும் பண்ணைக்கு எடையும் கிடையாது, சேருமிடமும் கிடையாது.

ஒரே எல்லை, இரு வகை நிலம்

பாலக்காட்டின் கிழக்கு ஓரமும் இடுக்கியின் கிழக்கு ஓரமும் வரைபடத்தில் ஒரே கோட்டில் இருந்தாலும் கழிவு விஷயத்தில் நேர்மாறானவை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் மழை குறைவு. பாறை மேல் மெல்லிய மண். பாசனமும் குடிநீரும் கிணற்றையும் ஆழ்குழாயையும் நம்பியவை. சித்தூர் வட்டாரத்தில் நிலத்தடி நீர் மிகையாக உறிஞ்சப்படுவதாக மத்திய நிலத்தடி நீர் வாரியம் பல ஆண்டுகள் பட்டியலிட்டது. இங்கே குழியில் தேங்கும் குழம்பு ஓடாது; இறங்கும். பாறை வெடிப்பில் இறங்கிய நைட்ரேட் யாருடைய கிணற்றில் தலை காட்டும் என்று சொல்வதற்கில்லை. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மீறினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை.

உடும்பன்சோலை, பீர்மேடு, தேவிகுளம் பக்கம் கதை வேறு. அங்கே சரிவு நிலம். ஏலத்தோட்டத்து ஓடைகள் நேரே பெரியாற்றின் கிளைகளில் விழுகின்றன. தென்மேற்குப் பருவ மழையில் திறந்த குழி நிரம்பி வழிவதற்கு ஒரே இரவு போதும். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1995 ஜூனில் பலத்த மழைக்குப் பின் ஒரு பன்றிப் பண்ணையின் கழிவு ஏரி உடைந்து சுமார் ஒன்பதரைக் கோடி லிட்டர் குழம்பு ஆற்றில் பாய்ந்து மீன்கள் செத்து மிதந்தன. 1999, 2018 புயல்களிலும் அங்கே கழிவு ஏரிகள் வழிந்தன. இடுக்கிப் பண்ணைகள் அந்த அளவில் இல்லை என்பது மெய்தான். ஆனால் அங்குள்ள சரிவு வட கரோலினாவில் இல்லை.

தண்ணீர் போகும் திசையையும் கவனிக்க வேண்டும். ஆழியாற்றுத் தண்ணீர் தமிழகத்திலிருந்து சித்தூர்ப் புழையாகக் கேரளத்துக்குள் போகிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு உடன்பாட்டின்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. சித்தூர் வயல்களுக்கு உரியது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பண்ணை கழிவைத் திறந்து விட்டால் அதைக் குடிப்பது பாலக்காடு. அட்டப்பாடியில் ஓடும் பவானியோ கிழக்கே திரும்பிப் பில்லூர் அணைக்கு வருகிறது. கோவையின் குடிநீர் அது. மறையூர், காந்தளூர் வழி வரும் பாம்பாறு அமராவதி அணையில் சேர்கிறது. முல்லைப் பெரியாற்று நீர் 1895 முதல் தேனி மாவட்ட வயல்களுக்குப் பாய்கிறது. ஆக, கேரளத்துப் பண்ணையின் குழம்பு தமிழகத்துக்கும், தமிழகத்துப் பண்ணையின் குழம்பு கேரளத்துக்கும் போக வழி இருக்கிறது. யார் யார் மேல் வழக்குப் போடுவது?

பிளாச்சிமடை சொல்லும் சாட்சி

கழிவை ‘உரம்’ என்று சொல்லி விவசாயிக்குக் கொடுத்த கதை இந்த எல்லைக்குப் புதிதல்ல. பெருமாட்டி பஞ்சாயத்து பிளாச்சிமடையில் 2000இல் இயங்கத் தொடங்கிய கோக்கோ கோலா ஆலை, தன் கசடை அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கு வழங்கி வந்தது. 2003இல் பி.பி.சி. வானொலி எடுத்துச் சென்ற மாதிரியை இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, கசடில் காட்மியமும் ஈயமும் இருப்பது வெளியாயிற்று. மயிலம்மா முதலான, பெரும்பாலும் தமிழ் பேசும் ஆதிவாசி மக்களின் போராட்டத்துக்குப் பின் 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

பன்றிக் குழம்பு ஆலைக் கசடு அல்ல. அது மெய்யாகவே நல்ல உரம். ஆனால் எதை வயலில் கொட்டுகிறோம் என்று சோதித்துப் பார்க்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதைச் சித்தூர் விவசாயிக்குப் புதிதாக யாரும் சொல்ல வேண்டியதில்லை. மண் பரிசோதனை போலவே குழம்புப் பரிசோதனையும் வேளாண்மைத் துறை செய்து தர முடியும். உப்பு, தழைச்சத்து, தாமிரம், துத்தநாகம் ஆகிய நான்கைப் பார்த்தாலே பெரும்பகுதி விளங்கி விடும்.

குழியில் இறங்குகிறவர் யார்?

தொழுவம் கழுவுவதும் குழி வாருவதும் பண்ணை முதலாளியின் வேலையல்ல. எல்லைப் பகுதியில் அந்த வேலைக்குத் தமிழகத்திலிருந்தும், இப்போது அசாம், வங்காளத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நாள்பட்ட குழம்பைக் கிளறும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு திடீரெனக் கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் நின்று விட்டது, இறங்கலாம் என்று நினைப்பவர் எழுந்து வருவதில்லை. அவரைத் தூக்க இறங்குகிறவரும் வருவதில்லை. காற்றை விடக் கனமான வாயு ஆதலால் அது குழியின் அடியிலேயே கிடக்கும்.

2025 செப்டம்பர் இறுதியில் இடுக்கி மாவட்டம் கட்டப்பனையில் உணவு விடுதி ஒன்றின் கழிவுத் தொட்டியில் இறங்கிய தமிழகத் தொழிலாளர் மூவர் மாண்டனர். பண்ணைக் குழிக்கும் அந்தத் தொட்டிக்கும் வாயு விஷயத்தில் வேறுபாடு கிடையாது. சட்டத்தில் உண்டு. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் சாக்கடையையும் செப்டிக் டாங்கையும் சொல்கிறது. பன்றிப் பண்ணைக் குழியைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பண்ணைக் குழியில் இறந்தவரின் குடும்பம் அதைக் கேட்டால் வக்கீல்கள் வாதாட வேண்டியிருக்கும். தமிழ்ச் சங்கங்களும் தோட்டத் தொழிற்சங்கங்களும் கூலி பற்றிப் பேசுகிற அளவுக்குக் குழி பற்றியும் பேசினால் நல்லது.

காய்ச்சல் கற்பித்த பாடம்

2022 ஜூலையில் வயநாடு மானந்தவாடியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. அதே ஆண்டு நவம்பரில் இடுக்கி மாவட்டம் கரிமண்ணூர் பகுதியிலும் வந்தது. மனிதரைத் தாக்காத நோய். ஆனால் பன்றிக்குத் தடுப்பு ஊசியோ மருந்தோ இல்லாத நிலையில், நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பன்றிகளை அழிப்பதும் பத்துக் கிலோமீட்டரைக் கண்காணிப்பதும்தான் அரசு கையாண்ட முறை. பன்றி இறைச்சி கலந்த எச்சில் வழியே இக்கிருமி பரவும். எச்சிலை 90 டிகிரி சென்டிகிரேடில் ஒரு மணி நேரம் கிளறிக் கொண்டே வேக வைத்தால்தான் கிருமி சாகும் என்பது உலகக் கால்நடை நல நிறுவனத்தின் விதி. பிரிட்டனில் 2001இல் கோமாரி நோய் வெடித்ததும் வேகாத எச்சிலில்தான் என்று கண்டு, எச்சில் தீனியையே அங்கே தடை செய்து விட்டார்கள். இங்கே அப்படித் தடை செய்தால் எச்சில் எங்கே போகும் என்பது மேலே சொன்ன பழைய கேள்வி. வேக வைக்கும் அண்டாவுக்கும் விறகுக்கும் உதவி செய்வது நடைமுறைக்கு உகந்தது. பண்ணையின் எரிவாயுக் கலமே அந்த அடுப்பை ஓரளவு எரிக்கும். நோய்ப் பண்ணையின் சாணத்திலும் மூத்திரத்திலும் கிருமி சில நாள் தங்கும். குளிர் கூடிய மலைப்பகுதியில் அந்த நாட்கள் நீளும். குழம்பை ஓடையில் விடுவது அடுத்த பண்ணைக்கு நோயை அனுப்புவதாகவும் ஆகலாம்.

பொள்ளாச்சியில் கிடக்கும் மருந்து

சமவெளிப் பக்கத்துக்குத் தீர்வு தொலைவில் இல்லை. ‘பித்’ என்று பொள்ளாச்சிக்காரர்கள் சொல்லும் தென்னை நார்த் தூள் மலை போல் கிடக்கிறது. அதுவும் அந்த ஊருக்கு ஒரு கழிவுப் பிரச்னையே. அது தன் எடையைப் போல் பல மடங்கு நீரை உறிஞ்சும். ஆனால் தழைச்சத்து மிகக் குறைவு ஆதலால் தானாக மக்காது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கண்ட முறையில் ஒரு டன் பித்துக்கு ஐந்து கிலோ யூரியாவும் காளான் வித்தும் சேர்த்து மக்க வைக்கிறார்கள். அந்த யூரியாவின் தழைச்சத்து ஏறத்தாழ 640 லிட்டர் பன்றிக் குழம்பில் இருக்கிறது. நூறு பன்றிப் பண்ணையின் ஒரு நாள் குழம்பு முக்கால் டன் பித்துக்குப் போதும். ஒன்றுக்கு நீர் அதிகம், மற்றதற்கு நீர் தேவை. ஒன்றுக்குத் தழைச்சத்து அதிகம், மற்றதற்குக் குறைவு. கோவிந்தாபுரம் வழியாக மேற்கே போகும் லாரி பித் ஏற்றிச் சென்று மக்கிய உரத்தோடு திரும்பலாம்; அதற்கு இரு மாநிலக் கால்நடை, வேளாண்மைத் துறைகள் ஒரு மேஜையில் உட்கார வேண்டும். நோய்க் காலத்தில் மக்காத சரக்கு எல்லை தாண்டாமல் பார்த்துக் கொள்வதும் அவர்கள் பொறுப்பு.

இடுக்கியில் பித்தை மலையேற்றுவது செலவு பிடிக்கும். அங்கே முதல் தேவை மழைக்காலம் முழுவதற்கும் போதுமான தொட்டி. ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதம் குழம்பை நிலத்தில் இடக்கூடாது என்று வைத்தால், நூறு பன்றிக்குக் கழுவு தண்ணீர் நீங்கலாக 60,000 லிட்டர் கொள்ளும் தொட்டி வேண்டும். ஆறு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழம். அதற்கு மேல் கூரையும் வேண்டும். திறந்து கிடக்கும் அந்த முப்பது சதுர மீட்டரில் அதே நான்கு மாதத்தில் இரண்டாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்தால், வானத்திலிருந்து விழும் தண்ணீரும் சரியாக 60,000 லிட்டர்தான். பத்துத் தகடு போட்ட கூரை, தொட்டியின் கொள்ளளவை இரண்டாக்குகிறது. பஞ்சாயத்து லைசென்ஸ் கொடுக்கப் போகும் அதிகாரி, பன்றியை எண்ணிய கையோடு நிமிர்ந்து கூரையையும் ஒரு முறை பார்க்கலாம்.